மலைக்கு ஒரு பத்திரமும் மாதம் பத்து வெள்ளியும்



பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நம்மவர் இருவர் ஓரிடத்தில் கூடுவாராயின், ஊரில் மழை பெய்ததா என்று வினவிய பின்னர் அவர்கள் வாயில் எழும் அடுத்த வினா பெரும்பாலும் ஒன்றேயாகும்: “ஊர்ப்பக்கம் ஏதேனும் இடம் வாங்கிப் போட்டிருக்கிறீர்களா?” பொன்னும் பணமும் கைமாறிப் போகும், மண் நிற்கும் என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நம்பிக்கை. அந்நம்பிக்கை வீண்போகாதிருக்க வேண்டுமாயின், மண்ணை வாங்கியவர்களின் வரலாற்றை நாம் சற்று அறிந்திருத்தல் நலம். ஆகவே, இத்திங்கள் நிலத்தில் முதலிட்ட முன்னோடிகள் இருவரைப் பற்றி எழுத எண்ணினோம். ஒருவர் ஒரே பத்திரத்தால் ஒரு மலை நாட்டைப் பெற்றவர். மற்றவர் ஏழைத் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கியவர். இருவர் கதையும் நம் குடும்பங்களோடு பின்னிக் கிடக்கிறது.

முதற்கதை உடும்பஞ்சோலைப் பக்கத்தது. உடும்பும் சோலையும் சேர்ந்து அமைந்த இவ்வூர்ப்பெயரைக் கேட்ட அளவில் அதன் தமிழ் நமக்கு விளங்கிவிடும். இன்று அது கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வட்டம். கிழக்கே இறங்கினால் தேனி மாவட்டம். போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூர், கம்பமெட்டு வழியாகக் கம்பம். மலைமேல் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, நெடுங்கண்டம் முதலிய ஊர்கள். எங்கும் ஏலம், இடையிடையே மிளகும் காப்பியும் தேயிலையும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிச் சென்று ஏலம் பயிரிட்ட தமிழர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி, மாலையில் இறங்கி வீடு திரும்பும் பெண்கள் இன்றும் பல்லாயிரவர்.

திருவிதாங்கூர் மன்னராட்சியில் ஏலம் நெடுங்காலம் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. விளைவிப்பவர் குடிகள்; விளைந்ததைக் கொள்வது அரசு. இந்த ஏலமலைகளை மேற்பார்க்கும் அலுவலராகவும் நீதி செலுத்துபவராகவும் அரசு அமர்த்திய ஆங்கிலேயர்களுள் ஒருவர்தாம் ஜான் டேனியல் மன்றோ என்பவர். சென்னை ஆளுநராக இருந்து இரயத்துவாரி முறையால் புகழ்பெற்ற சர் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. மலைகளைச் சுற்றிப் பார்ப்பது இவருக்குத் தொழிலாகவும் விருப்பமாகவும் இருந்தது. ஏலமலைக்கு வடக்கே ஓங்கி நின்ற புல்வெளிகளையும் சோலைக்காடுகளையும் கண்டார். அங்கே காப்பியும் சிங்கோனாவும் செழிக்கும் என்று அவருடைய கண் கணக்கிட்டது. 1880இல் ‘திருவிதாங்கூரின் உயர்மலைகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் அவர் ஒரு நூலும் வெளியிட்டார்.

அம்மலை யாருடையது? அது பூஞ்ஞாறு அரசரின் ஆட்சிக்குட்பட்டது. பூஞ்ஞாற்று அரச குடும்பம் மதுரைப் பாண்டியர் வழி வந்தது என்பது அக்குடும்பத்தின் மரபு. அவ்வூரில் மீனாட்சிக்கு ஒரு கோயிலும் உண்டு. மலையின் பெயரோ கண்ணன் தேவன் மலை. அஞ்சுநாட்டுப் பக்கம் வாழ்ந்த கண்ணன் தேவன் என்னும் தலைவரின் பெயரே மலைக்கு நிலைத்தது என்பது மலைநாட்டார் வழக்கு. ஆக, மலை தமிழ்ப் பெயர் தாங்கியது. அதன் அரசர் பாண்டிய மரபு கூறியவர். அதைக் கண்டு விலை மதித்தவர் மட்டும் கடல் கடந்து வந்தவர்.

1877ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் பூஞ்ஞாற்று வலிய ராஜா மன்றோவுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட மலைப்பரப்பு அதில் அடங்கியது. முன்பணம் ஐயாயிரம் ரூபாய். ஆண்டு வாரம் மூவாயிரம் ரூபாய். அடுத்த ஆண்டே திருவிதாங்கூர் அரசும் அப்பத்திரத்தை ஏற்று உறுதி செய்தது. ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்தேழாயிரம் ஏக்கர் என்று பிற்காலத்தில் அளந்து கண்ட அந்நிலத்திற்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு அரையணாவும் ஆகவில்லை! கணக்கறிந்த வாசகர்கள் தாமே வகுத்துப் பார்க்கலாம்.

நிலத்தில் முதலிடும் கலையை மன்றோவிடம் ஒருவர் கற்க வேண்டுமானால் மூன்று செய்திகளைக் கற்கலாம். பிறர் காடு என்று கண்ட இடத்தில் அவர் விளைநிலத்தைக் கண்டார். கண்டதோடு நில்லாமல் உரிமையுள்ளவரைத் தேடிச் சென்று எழுத்தில் பெற்றார். எழுத்தில் பெற்றதை மேலுள்ள அரசின் ஒப்புதலாலும் கட்டினார். பணம் ஐயாயிரமும் பத்திரம் ஒன்றும் நாட்டின் ஒப்புதலும் சேர்ந்த பின்னர் அந்த உரிமை தொண்ணூறாண்டுக்கு மேல் அசையவில்லை. நம்முள் பலர் முதற்செய்தியோடு நின்றுவிடுகிறோம். இடம் நல்ல இடம் என்று கண்டதும் பணத்தை நீட்டிவிடுகிறோம். ஏனைய இரண்டே இடத்தைக் காப்பவை.

1879இல் வடதிருவிதாங்கூர் நிலத்தோட்ட வேளாண் கழகம் என்ற பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் தோன்றியது. மன்றோவின் மலை அதன் கைக்கு வந்து, பங்குதாரருக்குப் பகுதி பகுதியாகப் பிரிந்தது. காப்பியும் சிங்கோனாவும் பயிரிட்டனர். 1880இல் ஷார்ப் என்ற தோட்டக்காரர் பார்வதி என்னும் இடத்தில் ஐம்பது ஏக்கரில் தேயிலை நட்டார். மற்றவை நலிய, தேயிலை நிலைத்தது. 1895இல் பின்லே நிறுவனத்தார் மலைக்கு வந்தனர். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் பிறந்தது. தேயிலைப் பெட்டிகள் உச்சி நிலையத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடி வழியாகச் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேல் ஓடிய சிறு புகைவண்டிப் பாதையை அழித்தது. மலையின் மதிப்பு மட்டும் அழியவில்லை.

இதில் நம்மவர் எங்கே? காட்டை வெட்டியவர் நம்மவர். கல்லைப் பெயர்த்தவர் நம்மவர். நாற்று நட்டவரும் கொழுந்து கிள்ளியவரும் நம்மவரே. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக அழைத்துச் சென்றனர். போடியிலிருந்து மலைப்பாதையில் கால்நடையாக ஏறினர். இருக்க இடமாகக் கிடைத்தது லயம்: நீண்ட ஒரு கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சமையற்கூடமும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை நிறுவனத்தின் கடமையாக்கியது. நன்மையே. ஆயினும் அவ்வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பாட்டன் நட்ட செடியில் பேத்தி கொழுந்து கிள்ளுவாள்; பாட்டன் குடியிருந்த அறை பேத்திக்கு உரியதன்று.

இதன் கொடுமையை நாடு முழுவதும் கண்ட நாள் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் மாண்டனர். அவர்களுட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பங்களின் வழியினர். மூன்று நான்கு தலைமுறை உழைத்த மலையில் அவர்களில் பெரும்பாலோர்க்குச் சொந்தமென்று ஒரு முழ மண் இருந்ததில்லை. இறந்தோரை நாம் வணங்குகிறோம். இருப்போர்க்கு இதனால் எழும் கேள்வியையும் மறவாதிருப்போம்.

மலைக்கு உரிமையாளர் பின்னர் மாறினர். 1971இல் கேரளச் சட்டமன்றம் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1972இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. ஏறத்தாழ ஐம்பத்தேழாயிரம் ஏக்கர் நிறுவனத்தின் தோட்டத்துக்கென ஒதுக்கப்பெற்று, எழுபதாயிரம் ஏக்கர் அரசின் கைக்கு மீண்டது. பின்லேயிடமிருந்து டாட்டா நிறுவனத்தின் கைக்குத் தோட்டம் சென்றது. 2005இல் டாட்டா விலக, தொழிலாளரும் அலுவலருமாகப் பன்னிரண்டாயிரம் பேர் பங்குகொண்ட புதிய நிறுவனம் தோட்டத்தை ஏற்றது. பங்குச் சீட்டு தொழிலாளி கைக்கு வந்ததைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. எனினும் பங்குச் சீட்டை விரித்து அதன்மேல் குடும்பம் படுத்துறங்க இயலாது. “எலி வளையானாலும் தனி வளை” என்று நம் மூதாட்டியர் சொன்னது இதனை எண்ணித்தான் போலும்.

இனி இரண்டாம் கதைக்கு வருவோம். அது கடல் கடந்த கதை.

மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்றோர் ஊர். 1896இல் தமிழகத்திலிருந்து மலாயா சென்ற வீராசாமி என்பவர் பாடுபட்டு உழைத்து, நாளடைவில் இரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தார். அவருடைய மகனாக 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தவர் திருஞானசம்பந்தன். உலகம் அவரைத் துன் வீ. தி. சம்பந்தன் என்று அறியும். சிதம்பரத்தையடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, உலகப் போர் முடிந்தபின் மலாயா மீண்டார். 1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். 1973 வரை அப்பொறுப்பில் இருந்தார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி என்று பல துறைகளுக்கு அமைச்சராகப் பணிபுரிந்தார். தந்தை தேடிவைத்த தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றுப் பொதுப்பணிக்குச் செலவிட்டார் என்று அவரை அறிந்தோர் கூறுவர்.

மலாயா 1957இல் விடுதலை பெற்றது. ஆங்கில நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறத் தொடங்கின. வாங்கிய வணிகர் பெருந்தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறு மனைகளாக விற்று இலாபம் கண்டனர். நிலத்தில் முதலிட்டவருக்கு அது நல்ல வாணிகம். தோட்டத் தொழிலாளிக்கோ அது இடி. துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலையும் இல்லை, லயமும் இல்லை, கோயிலும் இல்லை, பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியும் இல்லை. ஒரு கையெழுத்தில் ஓர் ஊரே கலைந்தது. குடியுரிமையும் பெறாதிருந்தவர் பலர். அவர்கள் எங்கே செல்வர்?

இதனைத் தடுக்க வேண்டுமென்று கூட்டங்களில் முழங்குவது எளிது. சம்பந்தன் வேறொரு வழி கண்டார். தோட்டம் விற்பனைக்கு வருகிறதென்றால், அதனைத் தொழிலாளரே வாங்கினால் என்ன? ஒரு தொழிலாளியால் முடியாது. நூறு தொழிலாளராலும் முடியாது. பல்லாயிரவர் கூடினால் முடியும். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு ஒன்று நூறு வெள்ளி. அந்த நூற்றையும் ஒருங்கே கட்ட வேண்டுவதில்லை. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அப்பத்து வெள்ளியும் பெரிதே. ஆயினும் கட்டினார்கள்.

எவ்வாறு கட்ட வைத்தார் என்பதே இக்கதையின் உயிர். அமைச்சராக இருந்தவர், மனைவி உமாசுந்தரி அம்மையாரையும் உடனழைத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் சென்றார். தொழிலாளரோடு அமர்ந்து உண்டார். அவர்கள் வாழும் இடங்களிலேயே தங்கினார். கணவன்மாரிடம் அவர் பேச, மனைவிமாரிடம் அம்மையார் பேசினார். சேமிப்பு என்பது ஆணின் முடிவு மட்டும் அன்று. அடுப்படியில் அரிசிப் பானையைக் காப்பவளின் முடிவும் ஆகும் என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர். ஒரே மகளை வளர்த்த அந்த இல்லறமும் இவ்வாறு ஊர்ப்பணியோடு ஒன்றாகவே நடந்தது. குடும்பத்தலைவன் என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த பொருள் வேண்டுமோ?

1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக்கு மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. துண்டாடப்பட இருந்த மண் முழுத்தோட்டமாகவே நிலைத்தது; தொழிலாளி அங்கேயே உழைத்தான்; பங்குதாரனும் அவனே. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளியை எழுப்பியதும் சம்பந்தன் முயற்சியே. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு பெருஞ்சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரு முன்னோடிகளையும் நாம் அருகருகே நிறுத்திப் பார்க்கிறோம். மன்றோவின் முதல் ஐயாயிரம் ரூபாய். சம்பந்தன் திரட்டிய முதலோ பத்துப் பத்து வெள்ளியாக வந்தது. மன்றோவின் பத்திரத்தில் ஆயிரமாயிரம் ஏக்கர் இருந்தது. அதில் உழைக்கப் போகும் குடும்பங்களைப் பற்றி ஒரு வரிக்கும் இடமிருந்திருக்காது. சம்பந்தனின் சங்கமோ குடும்பத்தை முதலில் எண்ணி, அதன்பின் நிலத்தைத் தேடியது. மன்றோவைக் குறைகூறுதல் நம் நோக்கம் அன்று. அவர் காலத்து வாணிகம் அது. ஆயினும் நம் வீட்டுச் சேமிப்பை மண்ணில் இடும்போது நாம் எவர் வழியைப் பின்பற்றுகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இப்போது உடும்பஞ்சோலைக்கே மீள்வோம். அப்பக்கத்து மண்ணின்மீது நம்மவர்க்குத் தீராத ஆசை உண்டு. ஏலத்தின் விலை ஏறுந்தோறும் ஆசையும் ஏறுகிறது. “மலைமேல் பத்து சென்டு மலிவாக வருகிறது, வாங்கட்டுமா?” என்று கேட்போர்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு: மலிவுக்குக் காரணம் என்ன என்று முதலில் கேளுங்கள்.

மலைநாட்டு நிலம் சமவெளி நிலம் போன்றதன்று. அங்கே ஒரே சரிவில் தனியார் நிலமும், அரசு பட்டயம் கொடுத்த நிலமும், ஏலத்துக்கெனக் குத்தகைக்கு விட்ட நிலமும், காட்டு நிலமும் அடுத்தடுத்துக் கிடக்கும். வேலி ஒன்றுபோலவே இருக்கும்; உரிமை ஒன்றுபோல இராது. 1955 முதல் அரசே மலைநாட்டுக் குடியேற்றத் திட்டம் வகுத்து, நெடுங்கண்டத்தை அடுத்த கல்லார்ப் பகுதியில் குடும்பத்துக்கு ஐந்தேக்கர் வீதம் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. அத்தகைய நிலத்தின் வரலாறு தெளிவானது. பின்னர்த் தாமே ஏறிச் சென்று காடு திருத்தியோர் பல்லாயிரவர். 1977 ஜனவரி முதல் நாளுக்கு முன் குடியேறியோர்க்குப் பட்டயம் தர 1993இல் விதிகள் வகுக்கப்பட்டன. இடையில் வந்தோர் நிலையோ வேறு.

ஏலமலைக் காப்புக்காடு பற்றிய வழக்கு இன்னும் பெரியது. 1897ஆம் ஆண்டு அறிவிக்கையில் குறித்த பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே பூசல். ஓர் எண்ணின் முன்னே ஒரு ‘இரண்டு’ இருந்ததா இல்லையா என்பதில் இரண்டு இலட்சம் ஏக்கரின் விதி தொங்குகிறது! உச்சநீதிமன்றம் 2024 அக்டோபரில் அந்நிலங்களில் புதிய பட்டயம் வழங்கலாகாது என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. இதனை அறியாமல், “பட்டயம் விரைவில் வந்துவிடும்” என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுத்தல் பேதைமை.

பட்டயம் கையில் இருந்தாலும் போதாது. அதனைக் கொடுத்தவர்க்குக் கொடுக்கும் அதிகாரம் இருந்ததா என்றும் நோக்கல் வேண்டும். தேவிகுளம் வட்டத்தில் 1999இல் உரிய அதிகாரம் இன்றி ஓர் அலுவலர் வழங்கிய 530 பட்டயங்களை நீக்கக் கேரள அரசு 2022 ஜனவரியில் ஆணையிட்டது. முத்திரையும் கையொப்பமும் உள்ள தாளைப் பெட்டியில் வைத்து இருபதாண்டு உறங்கியவர்கள் அன்று விழித்தெழுந்தனர். மேலும், பயிர்செய்யவும் குடியிருக்கவும் என்று கொடுத்த பட்டய நிலத்தில் கடையும் விடுதியும் கட்டுதல் 1964ஆம் ஆண்டு விதிகளுக்கு மாறானது. இந்நெருக்கடியைத் தளர்த்தவே 2023இல் சட்டத்திருத்தம் வந்தது. எந்நோக்கத்துக்குப் பட்டயம் கொடுக்கப்பட்டது என்னும் வரியைப் படிக்காமல் ஒருவரும் அச்சாரம் கொடுத்தல் ஆகாது.

நம் வாசகர் குடும்பங்கள் நினைவிற் கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, மூலப்பத்திரத்திலிருந்து இன்று வரை உள்ள எல்லாப் பத்திரங்களையும் வரிசையாகப் பாருங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் சங்கிலி பயன்படாது. குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். கிராம அலுவலகத்தில் தீர்வை எவர் பெயரில் செலுத்தப்படுகிறது என்று நேரில் கேளுங்கள்.

இரண்டாவது, பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு நிலம் வாங்கிவிட்டதாக எண்ணாதீர்கள். அவ்வகையான விற்பனையால் உரிமை மாறாது என்று 2011இல் உச்சநீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வர இயலாதவர்களையே இத்தகைய பத்திரத்தைக் காட்டி மயக்குகிறார்கள்.

மூன்றாவது, இந்தியாவுக்கு வெளியே குடியிருப்போர், இந்தியக் குடிமக்களாயினும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினராயினும், இந்தியாவில் வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விளைநிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடந்தருவதில்லை. பெற்றோர் வழியாக வரும் விளைநிலம் வேறு, அதனைப் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே வளைகுடா நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஏலத்தோட்டம் வாங்கிப்போடத் துடிக்கும் இளைஞர்கள் முதலில் இச்சட்டத்தை உசாவுக.

நான்காவது, தமிழகத்தில் மனை வாங்குவோர் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்த்தே வாங்குக. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 முதல் தடை உண்டு. முச்சந்தியில் வண்ணக்கொடி நட்டு, பொங்கலுக்குப் பரிசும் தருகிறோம் என்று அழைப்போரிடம் பரிசைக் கேட்கும் முன் அங்கீகார எண்ணைக் கேளுங்கள்.

ஐந்தாவதாக நாம் கூறுவது சட்டம் அன்று, குடும்பம். நிலம் வாங்கிய செய்தியை மனைவிக்கும் வளர்ந்த மக்களுக்கும் சொல்லாதிருக்கும் தந்தைமார் நம்முள் ஏராளம். “நேரம் வரும்போது சொல்வோம்” என்பர். நேரம் அவர்களைக் கேட்டு வருவதில்லை. தந்தை மறைந்தபின் எந்த ஊரில் எந்தப் பெட்டியில் எந்தப் பத்திரம் இருக்கிறதென்று அறியாது அலையும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். பத்திரத்தில் மனைவியின் பெயரையும் சேருங்கள். மகளுக்கும் மகனுக்கும் மூதாதையர் சொத்தில் சமவுரிமை என்று 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழகம் அதனை 1989இலேயே செய்தது. சட்டத்துக்கு அஞ்சி மகளுக்குக் கொடுப்பதினும் அன்பினால் முன்வந்து கொடுப்பது பெருமை.

இறுதியாகத் தோட்டத்தில் இன்றும் பணிபுரியும் குடும்பங்களுக்கும், அவர்களைப் போலவே வேலையோடு ஒட்டிய வீட்டில் வாழும் எல்லார்க்கும் ஒரு சொல். காவலர் குடியிருப்பாயினும், ஆலைக் குடியிருப்பாயினும், தோட்டத்து லயமாயினும், அது நம்மைத் தாங்கும் நிழலே. நம் வேர் அன்று. கை வலிவாக இருக்கும் ஆண்டுகளிலேயே இரண்டு சென்டு மனையாவது தேடிவிடுங்கள். அகலமான மனையை எண்ணி ஏங்கி ஒன்றும் வாங்காதிருப்பதினும், சிறிய மனையை உரிமையோடு வாங்கி ஒரு முருங்கையை நட்டு வைப்பது மேல்.

தனியே முடியாதவர்க்குச் சம்பந்தன் காட்டிய வழி திறந்தே இருக்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பத்தோ இருபதோ ஒன்றுகூடி, சட்டப்படி பதிவு செய்த கூட்டுறவு வீட்டுமனைச் சங்கம் அமைத்தல் அரிதன்று. வேண்டுவன மூன்று: மாதந்தோறும் தவறாத சிறு தொகை, ஆண்டுதோறும் எல்லார் முன்னும் படிக்கப்படும் தணிக்கைக் கணக்கு, வாங்கும் நிலத்தின் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் நேர்மையான வழக்கறிஞர் ஒருவர். சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் அஞ்சுவது இயல்பே. சீட்டில் பணம் ஒருவர் கையில் இருக்கும். பதிவு செய்த கூட்டுறவில் கணக்கு எல்லார் கண்முன்னும் இருக்கும். கணக்கைக் கேட்கும் உரிமையை உறுப்பினர் கைவிடாத வரையில் சங்கம் நிலைக்கும். கைவிட்ட நாளில் எந்தச் சங்கமும் நிலைக்காது.

இது பற்றி விருப்பமுள்ள குடும்பங்கள் அடுத்த பொதுக்கூட்டத்திற்கு வரும்போது கணவரும் மனைவியுமாகச் சேர்ந்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். வாங்கப்போகும் மண் அவர்களுக்கே அல்லவா? பத்திரம் என்பது என்ன, வில்லங்கம் என்பது என்ன என்று அவர்களும் இப்போதே கேட்டு வளரட்டும்.